வேலையிடத்தில் திடீர் அலர்ஜி, எதனால் என்று தெரியவில்லை: ராமநாதபுரம் கடற்கரைத் தொழிலாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை இறால் கம்பெனி, நண்டு கம்பெனி, ஐஸ் கம்பெனி, பைபர் படகுப் பட்டறை, உப்பளம், கருவாட்டுக் களம், கடற்பாசி எடுப்பு என்று வேலை பார்ப்பவர்கள் முதலுதவி வகுப்புகளில் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. டாக்டரைப் பார்ப்பதற்குப் பதிலாக இதை வைத்துக்கொள்ள வேண்டாம். டாக்டரிடம் போய்ச் சேரும்வரை என்ன செய்வது, சேர்ந்த பிறகு என்ன கேட்பது என்பதற்காக எழுதியது.

சாதாரண அரிப்பா, உயிருக்கு ஆபத்தான அலர்ஜியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

தோலோடு நின்றால் பெரும்பாலும் பயமில்லை. தோலோடு சேர்ந்து வேறொரு உறுப்பும் பேச ஆரம்பித்தால் அவசரம்.

நண்டு சதை எடுக்கும் ஒரு பெண்ணுக்கு இது எப்படி வரும் என்று பாருங்கள். முதலில் உள்ளங்கை அரிக்கும். கையுறைக்குள் வேர்த்திருக்கும் என்று நினைத்து, மேசை விளிம்பில் தேய்த்துக்கொண்டே வேலையைத் தொடர்வார். அப்புறம் உள்ளங்கால், தலை, காதுமடல். உதடு தடித்தது போல இருக்கும். பக்கத்தில் இருப்பவர் "என்னக்கா, குரல் கம்முது?" என்று கேட்பார். அந்தக் கேள்விதான் மணி அடித்த மாதிரி. குரல் மாறுவது, விழுங்க முடியாமல் தொண்டை அடைப்பது, இழுப்பு, விடாத இருமல், வயிற்றைச் சுருட்டிப் பிடித்து வாந்தி, திடீரென்று வெளிக்குப் போக வேண்டும் போல முட்டுவது, தலை கிறுகிறுத்து உட்காருவது: இவற்றில் ஏதாவது ஒன்று அரிப்போடு சேர்ந்தால் உடனே 108-ஐக் கூப்பிட வேண்டும்.

"எனக்கு என்னமோ ஆகப் போகுது" என்று காரணமில்லாமல் பதறுவதும் ஓர் அறிகுறி. அதைப் பயந்த சுபாவம் என்று தள்ளிவிடாதீர்கள்.

தோலில் ஒன்றுமே தெரியாமல், நேரடியாக மூச்சுத்திணறலோ மயக்கமோ மட்டும் வருபவர்களும் உண்டு. பத்தில் ஒருவர், சில சமயம் இருவர். "தடிப்பே இல்லையே, எப்படி அலர்ஜியாகும்?" என்று நேரத்தை ஓட்டக் கூடாது.

எதனால் வந்தது என்றே தெரியவில்லை. அப்புறம் எப்படி மருந்து கொடுப்பார்கள்?

இந்தச் சந்தேகத்தால்தான் நேரம் போகிறது. என்ன சாப்பிட்டாய், என்ன கடித்தது என்று ஆளாளுக்கு விசாரித்துக்கொண்டிருப்பார்கள். காரணம் எதுவானாலும் முதல் மருந்து ஒன்றுதான்: அட்ரினலின் ஊசி. இறாலால் வந்தாலும் அதுதான், குளவியால் வந்தாலும் அதுதான், பெயர் தெரியாத பவுடரால் வந்தாலும் அதுதான்.

பெரியவர்களுக்கு 0.5 மில்லிகிராம், தொடையின் வெளிப்பக்க நடுச் சதையில் போடுவார்கள். சரியாகவில்லை என்றால் 5 முதல் 15 நிமிடத்தில் இன்னொரு முறை. அவில், செட்ரிசின் போன்றவை அரிப்பைத்தான் தணிக்கும்; அடைத்த தொண்டையைத் திறக்காது, விழுந்த பிரஷரைத் தூக்காது. டெக்சா போன்ற ஸ்டீராய்டு ஊசிகள் வேலை செய்யவே மணிக்கணக்காகும். ஒரு அவிலும் ஒரு டெக்சாவும் போட்டு "கொஞ்ச நேரம் படுங்க" என்று விடுவது நம் ஊர்ப் பக்கம் பழகிப்போன வழக்கம். மூச்சு இழுக்கும்போதோ மயக்கம் வரும்போதோ "அட்ரினலின் போட்டாச்சா?" என்று கூட வந்தவர் கேட்டால் அதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

108 வரும்வரை என்ன செய்யலாம்?

ஆளைப் படுக்க வையுங்கள். கால்களைத் தூக்கி ஒரு மீன் கூடை மேலோ ஐஸ் பெட்டி மேலோ வையுங்கள். மூச்சுவிடச் சிரமப்பட்டால் மட்டும் சாய்ந்து உட்காரலாம், காலை நீட்டியபடி. கர்ப்பிணி என்றால் இடப்பக்கமாகச் சரித்துப் படுக்க வைக்க வேண்டும். வாந்தி எடுத்தால் யாராக இருந்தாலும் பக்கவாட்டில்.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும்: எழுப்பி நடக்க வைக்காதீர்கள். பிரஷர் விழுந்திருக்கும் ஆளைத் திடீரென்று நிற்க வைத்தால், இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் போதாமல் அங்கேயே உயிர் போகலாம். "கொஞ்சம் காத்தாட நடந்தா சரியாயிரும்" என்று கைத்தாங்கலாகக் கேட் வரை கூட்டிப்போவதும், பைக்கில் நடுவில் உட்கார வைத்துக் கொண்டுபோவதும் அதனால்தான் ஆபத்து. வண்டி ஆளிடம் வரட்டும்.

தீவுக்குள் இருப்பவர்கள் "நேரா ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரிக்கே போயிரலாம்" என்று நினைப்பதுண்டு. ராமேஸ்வரத்திலிருந்து அது சுமார் 55 கிலோமீட்டர். பிரிட்டனில் இப்படி இறந்தவர்களை ஆராய்ந்தபோது, பூச்சிக் கடியில் இதயம் நிற்க ஆன நேரம் சராசரியாகக் கால் மணிதான்; உணவு அலர்ஜியில் அரை மணி. முதல் ஊசி எங்கே சீக்கிரம் கிடைக்குமோ அங்கே போங்கள். அட்ரினலின் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இருக்க வேண்டிய, விலை குறைந்த மருந்து. பெரிய ஆஸ்பத்திரிக்கு அதன் பிறகு போகலாம்.

கண்ணில் படாத ஏதோ கடித்துவிட்டது, காணாக்கடி என்று சொல்கிறார்கள். பார்வை பார்த்துவிட்டுப் போகலாமா?

தடிப்பு வந்தால் வேப்பிலை அடிப்பது, மந்திரிப்பது, ஓதிப் பார்ப்பது எல்லாச் சமூகத்திலும் உண்டு. வெறும் தடிப்பு என்றால் அது எப்படியும் சில மணி நேரத்தில் அடங்கும். பார்வை பார்த்ததால் ஒன்றும் கெட்டுவிடாது. ஆனால் மேலே சொன்னபடி தோலைத் தாண்டி இன்னொரு அறிகுறியும் வந்துவிட்டால் பார்வை பார்ப்பதை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள். வெற்றிலையும் மிளகும் மெல்லக் கொடுப்பது, கசாயம் புகட்டுவது மட்டும் கண்டிப்பாக வேண்டாம். தொண்டை வீங்கிக்கொண்டிருக்கும் ஆளுக்கு அது மூச்சுக்குழாயில் இறங்கும்.

நடுக்கடலில் வந்தால்?

கரைக்குத் திரும்புவதையும் தகவல் சொல்வதையும் ஒரே நேரத்தில் செய்யுங்கள். கடலோரக் காவல் குழுமத்துக்கு 1093, இந்தியக் கடலோரக் காவல்படைக்கு 1554. வி.எச்.எஃப். வயர்லெஸ் இருந்தால் சேனல் 16. கரைக்குத் தகவல் சொல்லி, ஜெட்டியிலேயே 108 நிற்கும்படி ஏற்பாடு செய்யுங்கள். ஆள் படுத்தபடியே வரட்டும்.

பாசி எடுக்கும் பெண்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. நெஞ்சளவுத் தண்ணீரில் நின்றும் முங்கியும் வேலை செய்யும்போது வரும் மயக்கம் நேரே மூழ்குவதில் முடியும். உள்ளங்கை அரித்தாலோ உதடு தடித்தாலோ, கையில் இருக்கும் பாசியைப் போட்டுவிட்டு ஒருவர் துணையோடு கரையேற வேண்டும். சொறி (ஜெல்லிமீன்) பட்டது என்றால் கடல் தண்ணீரால் கழுவுங்கள். மணலைப் போட்டுத் தேய்ப்பதும் நல்ல தண்ணீர் ஊற்றுவதும் தோலில் ஒட்டியிருக்கும் கொட்டும் செல்களை இன்னும் வெடிக்க வைக்கலாம். சொறி பட்ட இடத்தில் எரிவது அதன் விஷத்தால். படாத இடத்திலும் தடித்தால், மூச்சு முட்டினால், அது அலர்ஜி.

ஷெட்டில் ஒரே நேரத்தில் ஏழெட்டுப் பேருக்கு வந்தது. எல்லோருக்கும் அலர்ஜியா?

பெரும்பாலும் இல்லை. அலர்ஜி ஆளுக்கு ஆள் வேறுபடும். ஒரே மேசையில் இருக்கும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வருவது அபூர்வம். கூட்டமாக வந்தால் இரண்டு இடத்தில் தேட வேண்டும்: காற்றில், சாப்பாட்டில்.

காற்றில் என்றால் ஐஸ் கம்பெனியின் அம்மோனியா, தரையும் மேசையும் கழுவும் குளோரின் தண்ணீர், இறால் கறுக்காமல் இருக்கப் போடும் சல்பைட் பவுடர். கண் எரியும், மூக்கில் நீர் ஒழுகும், எல்லோரும் இருமுவார்கள், வெளியே வந்தால் பெரும்பாலானவர்களுக்குத் தணியும். காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறதோ அந்தப் பக்கமாக நடந்து வெளியேறுங்கள். அம்மோனியாவை அதிகம் இழுத்தவருக்குச் சில மணி நேரம் கழித்தும் நுரையீரல் மோசமாகலாம், அதனால் சரியாகிவிட்டது என்றாலும் ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும்.

சாப்பாட்டில் என்றால் மதியக் குழம்பைப் பாருங்கள். சூரை, கானாங்கெளுத்தி, சாளை போன்ற மீன்கள் பிடித்த பிறகு ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால், அவற்றின் சதையில் பாக்டீரியாக்கள் ஹிஸ்டமினை உண்டாக்கும். அலர்ஜியின்போது நம் உடம்பே வெளியிடும் பொருள்தான் ஹிஸ்டமின். சாப்பிட்டு ஒரு மணிக்குள் முகமும் நெஞ்சும் செக்கச்செவேல் என்று சிவக்கும், தலை விண்விண் என்று தெறிக்கும், படபடப்பு, வயிற்றுப்போக்கு. சிலருக்கு மீன் வாயில் வைக்கும்போதே காரமாக, மிளகு கடித்தது போல இருக்கும். கொதிக்கவைத்தாலும் பொரித்தாலும் ஹிஸ்டமின் போகாது. இது மீன் நஞ்சு. அவில் வகை மாத்திரைகள் இதற்கு நன்றாகவே கேட்கும், பெரும்பாலும் ஒரு நாளில் அடங்கும்.

இந்த வித்தியாசம் தெரியாததால், ஒரு முறை கெட்டுப்போன சூரை சாப்பிட்ட மீனவருக்கு "உங்களுக்கு மீன் அலர்ஜி, இனி தொடவே கூடாது" என்று சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். கடற்கரையில் பிறந்து வளர்ந்தவருக்கு இது சின்ன விஷயமில்லை. அதே மீனைப் புதிதாகப் பிடித்துச் சாப்பிட்டபோது முன்பெல்லாம் ஒன்றும் வந்ததில்லை, கூடச் சாப்பிட்டவர்களுக்கும் அன்று வந்தது என்றால் அதை டாக்டரிடம் அவசியம் சொல்லுங்கள்.

மீன் போடும் அறைக்குள் இறங்கியவர் மயங்கி விழுந்தார். அதுவும் அலர்ஜியா?

இல்லை. படகின் அடியறையில் அழுகிய மீன், கழிவுத் தண்ணீர் தங்கினால் ஹைட்ரஜன் சல்பைடு சேரும், ஆக்சிஜன் குறையும். முதலில் அழுகிய முட்டை வாடை வரும். வாயு அதிகமானால் மூக்கு மரத்து அந்த வாடையும் தெரியாமல் போகும். காப்பாற்ற இறங்குகிறவரும் அதே இடத்தில் விழுவார். எல்லா மூடியையும் திறந்து காற்றை விட்டு, உதவிக்கு ஆள் கூப்பிடுங்கள். மூச்சுக்கருவி இல்லாமல் இறங்காதீர்கள்.

பதினைந்து வருஷமாக இறால் உரிக்கிறேன். இத்தனை நாள் வராதது இப்போது ஏன் வருகிறது?

பழக்கம் இருந்தால் அலர்ஜி வராது என்ற எண்ணம் ரொம்பப் பேருக்கு உண்டு. உண்மை கிட்டத்தட்டத் தலைகீழ். உடம்பு ஒரு பொருளை முன்பு சந்தித்திருந்தால்தான் அதற்கு எதிராக ஐஜிஈ என்ற எதிர்ப்பொருளைத் தயாரித்து வைத்திருக்கும். அது மாதக்கணக்கிலோ வருஷக்கணக்கிலோ சத்தமில்லாமல் நடக்கும்.

இதை முதலில் கண்டுபிடித்ததே ஒரு கடல் பயணத்தின் தொடர்ச்சியாகத்தான். 1901-இல் மொனாக்கோ இளவரசரின் கப்பலில் போன பிரெஞ்சு விஞ்ஞானிகள் சார்லஸ் ரிஷேவும் பால் போர்ட்டியரும், நம் சொறி வகையறாவைச் சேர்ந்த ஒரு கடல் உயிரியின் விஷத்தை ஆராய ஆரம்பித்தார்கள். ஊர் திரும்பியதும் கடல் சாமந்தியின் விஷத்தை நாய்களுக்குக் கொஞ்சமாகச் செலுத்திப் பார்த்தார்கள். முதல் முறை தாங்கிக்கொண்ட ஒரு நாய், சில வாரம் கழித்து மறுபடி கொஞ்சம் கொடுத்ததும் அரை மணிக்குள் செத்துப்போனது. பழகப் பழகத் தாங்கும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு நேர்மாறான முடிவு கிடைத்தது. ரிஷேவுக்கு 1913-இல் நோபல் பரிசு கிடைத்தது இதற்காகத்தான்.

இறாலிலும் நண்டிலும் டிரோபோமயோசின் என்ற புரதம் இருக்கிறது. நண்டு அவிக்கும் ஆவியிலும், தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவும் சாரலிலும் அது காற்றில் மிதக்கும். சாப்பிடாமலே, மூச்சு வழியாகவே உள்ளே போகும். முதலில் தும்மல், மூக்கொழுகல், கண் அரிப்பு. பிறகு ராத்திரி இருமல். ஞாயிற்றுக்கிழமையும் திருவிழா லீவிலும் நன்றாக இருந்து, வேலைக்குப் போனதும் திரும்பினால், வேலையிடத்து ஆஸ்துமாவாக இருக்க வாய்ப்பு அதிகம்.

எங்கள் வேலையில் வேறு எதையெல்லாம் சந்தேகப்படலாம்?

சல்பைட் பவுடரை முதலில் சொல்வேன். இறால் தலை கறுக்காமல் இருக்கப் படகிலேயே தூவுவார்கள், கம்பெனியிலும் கரைத்து முக்குவார்கள். தண்ணீரில் கலக்கும்போது சல்பர் டை ஆக்சைடு கிளம்பும். ஏற்கெனவே இழுப்பு இருப்பவருக்கு அது நெஞ்சைப் பூட்டிவிடும். மூடிய அறையில் வாளிக்கு மேல் குனிந்து கலக்குவதுதான் மோசமான முறை.

பைபர் படகுப் பட்டறையில் ரெசின், கேட்டலிஸ்ட், ஆக்சலரேட்டர், பெயின்ட். கண்ணாடி நார் குத்தி வரும் ஊறல் குளித்தால் போகும், அது வேறு. எபாக்சி ரெசினும், பாலியூரித்தேன் பெயின்ட், ஃபோம் வகைகளில் இருக்கும் ஐசோசயனேட்டும் வேறு மாதிரி. ஒருமுறை உடம்பு அவற்றை எதிரியாக எடுத்துக்கொண்டால் கொஞ்சம் பட்டாலோ வாடை ஏறினாலோ போதும், தோல் அலர்ஜியோ இழுப்போ வந்துவிடும்.

கையுறையை யாரும் சந்தேகப்படுவதில்லை. ரப்பர் கையுறையின் உள்ளே இருக்கும் மாவில் லேடெக்ஸ் புரதம் ஒட்டிப் பறக்கும். வாழைப்பழம், பப்பாளி சாப்பிட்டால் வாய் அரிக்கிறது, பலூன் ஊதினால் உதடு வீங்குகிறது என்பவர்கள் நைட்ரைல் கையுறை கேட்டு வாங்குங்கள்.

அப்புறம் வேலையில் கையாளும் பொருளோடு சம்பந்தமே இல்லாத இரண்டு. ஒன்று, இடுப்பு வலிக்குப் போட்டுக்கொண்ட மாத்திரை. டைக்ளோஃபினாக், ஆஸ்பிரின் வகைகள் தாமே அலர்ஜியைக் கிளப்பும். வேறொன்றால் லேசாக வர வேண்டியதைப் பெரிதாக்கவும் செய்யும். வெறும் இறால் குழம்பு ஒன்றும் செய்யாமல், குழம்பும் மாத்திரையும் வலை இழுக்கும் வேலையும் சேர்ந்த அன்று மட்டும் விழுந்துவிடுபவர்கள் உண்டு. இரண்டு, பூச்சி: பனையேறிகளுக்குக் கதண்டு, சீமைக்கருவேலம் வெட்டுபவர்களுக்குக் குளவி.

உப்பளத்தில் வேலை. உப்பு அலர்ஜி ஆகுமா?

உப்புக்கு அலர்ஜி வராது. உப்புத் தண்ணீர் தோலை வெடிக்க வைக்கும். வெடித்த தோலில் ரப்பர் பூட்ஸின் ரசாயனமோ தோல் செருப்பின் குரோமியமோ ஏறிக் கரப்பான் படை மாதிரி வரும். வாலிநோக்கம் பக்கம் இருப்பவர்கள் உப்பைத் திட்டுவதை விட்டுவிட்டுப் பூட்ஸை மாற்றிப் பாருங்கள்.

காரணத்தைக் கண்டுபிடிக்க நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

அன்றைக்கே எழுதுங்கள். பல கேஸ்களில் கடைசிவரை "தெரியாத பொருள்" என்றே இருந்துவிடுவதற்குக் காரணம் மருத்துவத்தின் குறை என்று நான் நினைக்கவில்லை. ஆளை ஏற்றி அனுப்பியதும் மேசையைக் கழுவி, சாக்கைத் தூக்கிப் போட்டு, ஷிப்டைத் தொடர்ந்துவிடுகிறோம்.

எத்தனை மணிக்கு முதல் அரிப்பு, அதற்கு முந்தைய ஆறு மணி நேரத்தில் சாப்பிட்டது, குடித்தது, போட்ட மாத்திரை, எந்த மேசை, எந்த லோடு, புதிதாக என்ன வந்தது (புதிய பிராண்ட் கையுறை, புதிய சோப், புதிய சாக்கு), யார் பக்கத்தில் என்ன செய்துகொண்டிருந்தார். சாக்கின் எல்லாப் பக்கத்தையும் போனில் படம் எடுங்கள். தயாரிப்பு எண்ணும் தெரியட்டும். தடிப்பையும் படம் எடுங்கள், ஆஸ்பத்திரி போவதற்குள் மறைந்துவிடும். இதை எழுதும் வேலை மேஸ்திரிக்கு வேண்டாம், கூட வேலை செய்பவர் ஒருவருக்கு இருக்கட்டும் என்பது என் அபிப்பிராயம்.

ஆஸ்பத்திரியில் டிரிப்டேஸ் என்ற ரத்தப் பரிசோதனைக்கு வசதி உண்டா என்று கேளுங்கள். வந்தது கடுமையான அலர்ஜிதானா என்று அறிய அது உதவும், எதனால் என்று சொல்லாது. அறிகுறி தொடங்கி ஒன்றிரண்டு மணிக்குள் எடுப்பது நல்லது. நாலு மணியைத் தாண்டினால் பயன் குறைவு. ஒரு நாள் கழிந்து, எல்லாம் அடங்கியபின் இன்னொன்று எடுத்து ஒப்பிடுவார்கள்.

தோலில் குத்திப் பார்க்கும் சோதனை நாலு முதல் ஆறு வாரம் கழித்து. அதற்கு ஒரு வாரம் முன்பே, டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, செட்ரிசின் வகைகளை நிறுத்த வேண்டும். ரெசின், ரப்பர் போன்றவற்றால் வரும் தோல் நோய்க்கு முதுகில் ஒட்டுப் போட்டு இரண்டு நாள் கழித்தும், அதன்பின் ஒருமுறையும் பார்க்கும் சோதனை வேறு. ஆஸ்துமா சந்தேகம் என்றால் ஊதிப் பார்க்கும் பீக் ஃப்ளோ மீட்டர் போதும். வேலை நாளிலும் லீவு நாளிலும் தினம் நாலு தடவை ஊதி, சில வாரம் எழுதி வந்தால் அந்தத் தாளே கதையைச் சொல்லிவிடும்.

ஒரே ரத்தத்தில் இருநூறு பொருளுக்கு டெஸ்ட் எடுக்கலாம் என்கிறார்களே?

பணத்தை மிச்சம் பண்ணுங்கள். ரத்தத்தில் எதிர்ப்பொருள் இருப்பதும் அலர்ஜி இருப்பதும் ஒன்றில்லை. ஒன்றும் செய்யாத பொருளுக்கும் பாசிட்டிவ் வரும். அந்தப் பட்டியலைப் பார்த்து கத்தரிக்காய், பருப்பு, பால் எல்லாவற்றையும் விட்டு மெலிந்துபோனவர்கள் இருக்கிறார்கள். உங்கள் குறிப்பைப் பார்த்துச் சந்தேகத்தை நாலைந்தாகச் சுருக்கி, அவற்றுக்கு மட்டும் சோதிப்பதுதான் முறை.

பவுடரின் பெயரைக் கேட்டால் கம்பெனியில் சொல்ல மறுக்கிறார்கள்.

போபால் விபத்துக்குப் பிறகு 1987-இல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தியபோதே, ஆபத்தான பொருட்கள் பற்றித் தொழிலாளர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று சேர்த்தார்கள். ரசாயனம் விற்பவரிடம் பாதுகாப்புத் தகவல் தாள் இருக்கும், 16 பகுதிகள் கொண்டது. முழுவதையும் படிக்க வேண்டாம். இரண்டாம் பகுதியில் எச் 334 என்று இருந்தால் மூச்சு வழியாக அலர்ஜியோ ஆஸ்துமாவோ தரக்கூடியது; எச் 317 என்றால் தோல் அலர்ஜி. மூன்றாம் பகுதியில் கலந்திருக்கும் பொருட்கள், நாலாவதில் முதலுதவி. தொழிலாளியாகக் கேட்டுக் கிடைக்காவிட்டால், "நோயாளிக்குச் சிகிச்சை கொடுக்கத் தேவை" என்று டாக்டரிடம் எழுதி வாங்கிக் கேளுங்கள். அநேகமாகக் கிடைத்துவிடும்.

ஊசி போட்டதும் சரியாகிவிட்டது. அன்றைக்கே வீட்டுக்குப் போகலாமா?

டாக்டர் சொல்லும்வரை இருங்கள். அடங்கிய அலர்ஜி, மறுபடி அந்தப் பொருளைத் தொடாமலே, சில மணி நேரம் கழித்து இரண்டாவது முறை கிளம்பலாம். அபூர்வமாக மூன்று நாள் வரைக்கும். முதல் தடவை கடுமையாக வந்தவர்களுக்கும், ஊசி தாமதமாகப் போட்டவர்களுக்கும் இது அதிகம். ராத்திரியில் வண்டி கிடைக்காத தீவுக் கிராமம் என்றால் அதையும் சொல்லி, ஒரு ராத்திரி தங்கிவிடுவது மேல்.

பிரஷருக்கு அட்டெனலால், மெட்டோப்ரோலால் சாப்பிடுபவர் என்றால் வாசலிலேயே சொல்லிவிடுங்கள். அந்த மாத்திரைகள் அட்ரினலினை முழுதாக வேலை செய்ய விடாது. டாக்டர் வேறு மருந்தையும் தயாராக வைக்க வேண்டியிருக்கும்.

அட்ரினலினைக் கையிலேயே வைத்துக்கொள்ளலாமா?

ஒருமுறை கடுமையாக வந்தவர்கள் டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி இது. வெளிநாட்டில் பேனா மாதிரி தானாகக் குத்தும் ஊசி தருவார்கள். நம் ஊர் மருந்துக் கடையில் அது சுலபமாகக் கிடைப்பதில்லை. ஆம்பூலும் சிரிஞ்சும் எழுதித் தந்து, வீட்டில் ஒருவருக்கும் வேலையிடத்தில் ஒருவருக்கும் போடப் பழக்கிவிடச் சொல்லுங்கள். அளவை டாக்டர் எழுதித் தரட்டும். 25 டிகிரிக்கு மேல் சூடாகாமல், வெளிச்சம் படாமல் வைக்க வேண்டும். படகில் ஐஸ் பெட்டிக்குள் நேராகப் போட்டால் உறைந்து கெடலாம். துணி சுற்றி டிபன் டப்பாவில் வையுங்கள். மருந்து பழுப்பாக மாறினால் தூக்கிப் போடுங்கள்.

எல்லாச் சோதனையும் பார்த்தும் காரணம் கிடைக்கவில்லை. இனி வேலைக்குப் போகவே கூடாதா?

சிலருக்குக் கடைசிவரை காரணம் தெரிவதில்லை. மருத்துவமே அப்படி ஒரு பிரிவை ஒத்துக்கொள்கிறது. அவர்களில் பலருக்கு நாளாக ஆகக் குறைந்தும் விடுகிறது. சந்தேகப் பட்டியலில் இருக்கும் வேலையை மட்டும் மாற்றிக் கேளுங்கள்: அவிக்கும் இடத்திலிருந்து பேக்கிங்குக்கு, பவுடர் கலக்குவதிலிருந்து எடை போடுவதற்கு. முதல் சில வாரம் தனியாக ஷிப்டு பார்க்க வேண்டாம். ஈ.எஸ்.ஐ. கார்டு இருந்தால் வேலையிடத்தில் நடந்தது என்று முதல் சீட்டிலேயே பதிவாகும்படி பார்த்துக்கொள்ளுங்கள். "திடீர் மயக்கம்" என்று மட்டும் எழுதிய சீட்டை வைத்துப் பிறகு ஒன்றும் கேட்க முடியாது. சீட்டு, குறிப்பு, சாக்குப் படம் மூன்றையும் ஒரே கவரில் போட்டு, அடுத்த முறை எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் அதை நீட்டுங்கள்.